பின்னோக்கி நடந்தவள்

கணவன் போய்ச் சேர்ந்த இந்த நாலு மாதமாகக் கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதிதான் திறந்தது. சில்லறை வேலைகளை அவள் ஒண்டியாகவே முடித்தாள். ஜன்னலுக்கு ஒரு துண்டு, குளியலறைக்கு ஒன்று. பெரிய கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள்தான் ஐம்பத்தொரு வயதில் மாரடைப்பில் கம்பி நீட்டிவிட்டான்.

அன்று காலை நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டிக் குரல் தடித்தவள். கடையை மூடிவிட்டு என் வீட்டு மாடிக்கு வந்துவிடுங்கள், தனியாகக் கிடந்து என்ன கிழிக்கப் போகிறீர்கள் என்று வந்த காலோடு ஆரம்பித்தாள். இவள் ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவள் மடியில் போட்டாள். மருந்துக் கடைக்கு வெட்டிய ஆறடிக்கு நாலடிக் கண்ணாடி சுவரோரம் நின்றது.

"இது முழுசா போய்ச் சேர்ந்தா கடை இருக்கும். உடைஞ்சா பெட்டியைக் கட்டிக்கிட்டு உன்கூட வர்றேன்."

மருந்துக் கடை வாசலில் வேனிலிருந்து இறக்கினார்கள். பழக்க தோஷம், பின்னோக்கி நடக்கும் முனையை இவளே பிடித்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவன் எதிரே வருவான். படி என்பான், திருப்பு என்பான், நில்லு என்பான். இவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்தது கிடையாது.

நாத்தனாரோ கண்ணாடியை முறைத்தபடியே வந்தாள். வாயைத் திறக்கவில்லை. இவள் குதிகால் படியில் இடித்தது. கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து, தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. மருந்துக்கடைக்காரர் எழுந்தே விட்டார்.

"இறக்கு," என்றாள் இவள். மரக்கட்டைமேல் இறக்கினார்கள்.

நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணன் சொல்லிக்கிட்டே வருவானா?"

"ம். நான் திரும்பிப் பார்த்ததே இல்ல."

சொன்னதும் அவன்மேல் கோபம் வந்தது. நாலு மாதமாக வராத கோபம். இப்படிப் பழக்கிவிட்டுப் போனானே என்று நாலு வசவு மனசுக்குள் வைதாள். தீர்ந்ததும் கையுறையை இறுக்கிக்கொண்டாள்.

"இடம் மாத்திக்கலாம். நீ பின்பக்கமா நட."

"முப்பது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு பஸ்ஸையே ரிவர்ஸ் எடுக்கிறவ நான். நீங்க ஒழுங்கா சொன்னாப் போதும், அண்ணி."

தூக்கினார்கள். இவளுடைய முதல் "படி" முணுமுணுப்பாகத்தான் வந்தது. அடுத்த "படி"க்குத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருப்பு. இடது பக்கம் கொஞ்சம். நில்லு. கண்ணாடி சட்டத்தில் பிசகாமல் போய் உட்கார்ந்தது.

வேனருகே நாத்தனார் கையுறையைக் கழற்றி நீட்டினாள். இவள் வாங்கவில்லை.

"வச்சுக்கோ. வியாழக்கிழமை சலூனுக்கு ரெண்டு கண்ணாடி இருக்கு."

"பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டுத்தான் வர முடியும்."

"வா. கண்ணாடி எங்கயும் ஓடிடாது."

கடைக்குத் திரும்பியதும் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டாள்.