கையில் வாங்காத போசி

ஐப்பசி மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு செல்வக்குமாரின் மெஸ்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து கம்பியை விட்டு இழுத்தபோது வெளியே வந்ததெல்லாம் சாம்பார் கவர், குருமா கவர், சட்னி கவர். பாதிக்கு மேல் அவன் கடையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தவை. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கே அவன் ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினான்: ‘பாத்திரம் கொண்டு வாங்க. சந்தோஷமா ஊத்தித் தர்றோம்.’

எழுதியதோடு விடவில்லை. டீக்கடை கதிர்வேலிடம் பேசினான். பேக்கரி, கறிக்கடை, இட்லிமாவு விற்கிறவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய் நின்றான். “கவர் வாங்குற காசு நமக்கு மிச்சமுங்க, சாக்கடையும் அடைக்காது” என்று சொல்லிச் சொல்லித் தெரு முழுக்கப் போர்டு வைக்க வைத்தான். பொங்கல் கழிந்து வியாபாரிகள் கூட்டம் நடந்தபோது அவனுக்குச் சால்வை போட்டார்கள். மனைவி சித்ரகலா அந்தச் சால்வையைக் கல்லாவுக்குப் பின்னால் மடித்து வைத்தாள். வருகிற ஆட்களிடம் அவனே அதை எடுத்துக் காட்டவும் செய்தான்.

சாயங்காலம் பனியன் கம்பெனிகள் விடுகிற நேரத்தில் மெஸ் வாசலில் கூட்டம் நெரியும். தூக்குப்போசி, டிபன் பாக்ஸ், பெயிண்ட் வாளியைக் கழுவிக் கொண்டுவருகிற பீகார் பையன்கள். செல்வக்குமார் எல்லாவற்றையும் தன் கையால் வாங்குவான். சுடுதண்ணீர் விட்டு அலசி, குருமாவை ஊற்றி, விளிம்பைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். பாத்திரத்தை வாங்குகிற அந்த நேரத்தில் ஊர் எது, எந்தக் கம்பெனி என்று இரண்டு வார்த்தை பேசுவான். கவரில் கட்டிக் கொடுத்த காலத்தில் ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அப்படித்தான் அன்று அந்தப் பெண்ணிடமும் பேசினான். செக்கிங் செக்சனில் வேலை பார்க்கிறவள் என்று கழுத்தில் தொங்கிய கார்டு சொன்னது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் போசியை நீட்டினாள்.

“பொரோட்டாவும் குருமாவும் குடுங்க.”

“குன்னத்தூர்ப் பக்கத்துப் பேச்சாட்ட இருக்குதுங்களே?” என்று கையை நீட்டினான் செல்வக்குமார்.

“ஆமாங்க. உங்க ஊரேதானுங்க. உங்களத் தெரியும். கவர்ல எத்தன தடவ வந்து வாங்கீருக்கறேன், நீங்கதான் பாத்ததில்ல.”

“அட! நம்மூருங்களா? யாரு ஊட்டுப் புள்ள?”

“மாராத்தா மகளுங்க, ரங்காத்தாள். எங்கம்மா உங்க தோட்டத்து மாட்டுக் கட்டுத்தரைல வேலைக்கு இருந்தாங்களே.”

மாராத்தாளை அவனுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே காலனியிலிருந்து விடிகாலையில் வந்து சாணி அள்ளிவிட்டுப் போவாள். அவன் அம்மா மோரைத் தூக்கி ஊற்ற, கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பாள்.

நீட்டிய கை பின்னால் வந்துவிட்டது. அவன் நினைத்து இழுக்கவில்லை. அதுவாகவே வந்தது.

“அங்க வை” என்று மேசை ஓரத்தைக் காட்டினான்.

அவள் போசியை வைத்தாள். அவன் அலசவில்லை. கரண்டியைத் தூக்கி மேலிருந்து ஊற்றினான். குருமா தெறித்து அவள் புறங்கையில் விழுந்தது. சூடாகத்தான் இருந்திருக்கும், அவள் கையை உதறவில்லை. பரோட்டாவை இலையில் மடித்து மேசையிலேயே வைத்தான். அவளுக்குப் பின்னால் நின்ற பையன் வாளியை நீட்ட, பழக்கத்தில் அதை எட்டிக் கையில் வாங்கினான். வாங்கிய பிறகுதான் ரங்காத்தாள் இன்னும் போகாமல் அங்கேயே நிற்பதைப் பார்த்தான்.

“கவர்ல வாங்குனப்போ ஒண்ணுந் தெரியலீங்க” என்றாள் அவள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போசியைத் தானே துடைத்து மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

கூட்டம் குறைந்ததும் சித்ரகலா அவன் பக்கத்தில் வந்தாள்.

“ஏனுங்க, அவங்க போசிய மட்டும் ஏன் கைல வாங்கல?”

“கூட்டத்துல கவனிக்கல.”

“கவனிச்சீங்க” என்றாள். “எல்லாரையும் வாங்க போங்கன்னீங்க. அவங்கள வைன்னீங்க.”

அதை அவன் கவனித்திருக்கவில்லை. யாராவது வந்து இதை அவன்மேல் குற்றமாகச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். அவன் மெஸ்ஸில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். யாரையும் சாதி கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதுதான் அவனுடைய பெருமை. இப்போது கேட்காமலே தெரிந்ததும் கை என்ன செய்தது என்பதைக் கடை முழுக்கப் பார்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இருக்கும் லைன் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனான். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“மன்னிச்சுக்கோணுங்க” என்றான்.

“எதுக்குங்க?”

அவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “அன்னைக்கு... உங்க போசிய நான் கைல வாங்கல.”

“ஏன் வாங்கலீங்க?”

பக்கத்து வீட்டுக் கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு, “கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?” என்று கேட்டான்.

ரங்காத்தாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

“தாகங்களா? இல்ல எனக்குக் காட்டறதுக்குங்களா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “காட்டறதுக்குத்தான்” என்றான்.

“அப்ப வேண்டாமுங்க. உங்க மனசு ஆறோணும்னு எங்கூட்டுத் தண்ணி எதுக்கு?” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “இந்த லைன்ல அத்தன பேருத்தையும் போசி எடுத்துட்டுப் போங்கன்னு நாந்தாஞ் சொன்னேன். உங்க போர்டப் பாத்துட்டுத்தான். நல்ல காரியம், நம்மூர்க்காரரு பண்றாருன்னு பெருமையாச் சொன்னேன். இப்ப நானே வேற தெருவுல கவர்ல வாங்கிட்டு வாரேன். ஏன்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்லட்டுங்க?”

அவள் மறுபடி துணியை எடுத்துக் குனிந்ததும், இனி அங்கே நிற்பதில் அர்த்தமில்லை என்று புரிந்தது.

கடைக்கு வந்தவன் போர்டைக் கழற்றப் போனான். சித்ரகலா தடுத்தாள். “போர்டு என்னங்க பண்ணுச்சு?”

சால்வையை மட்டும் எடுத்து உள்ளே எங்கோ போட்டான். பக்கத்துத் தெருக் கடைக்காரர்கள் தங்கள் தெருவிலும் வந்து பேசச் சொல்லிக் கேட்டபோது கதிர்வேலை அனுப்பினான். “நீங்களே வாங்ண்ணா, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க” என்றான் கதிர்வேல். செல்வக்குமார் நடந்ததை அவனிடம் சொன்னான். ‘இதுக்குப் போயியா’ என்று அவன் சிரித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. கதிர்வேல் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கழுவ உள்ளே போய்விட்டான்.

இப்போதும் சாயங்காலம் கூட்டம் வருகிறது. அந்த லைன் வீடுகளிலிருந்தும் சிலர் வருகிறார்கள். செல்வக்குமார் எல்லாப் பாத்திரத்தையும் கையில் வாங்கி, அலசி, துடைத்துக் கொடுக்கிறான். ஊர் எது என்று யாரிடமும் கேட்பதில்லை. கை நீளும்போதெல்லாம், தயங்குகிறதா என்று அதையே பார்க்கிறான்.

பங்குனியில் ஒருநாள் எதிர்ச்சாரியில் இட்லிமாவுக் கடையில் ரங்காத்தாள் நின்றாள். கடைக்காரம்மா அவள் பாத்திரத்தை வாங்கி, எடை போட்டு, மாவை வழித்து ஊற்றி, ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தக் கடைக்குப் போர்டு வைக்கச் சொல்லி நச்சரித்தது அவன்தான். ரங்காத்தாள் திரும்பியபோது மெஸ் பக்கம் அவள் பார்வை வந்தது. செல்வக்குமார் அடுப்புப் பக்கம் திரும்பி, எரிந்துகொண்டிருந்த தீயைத் தேவையில்லாமல் கூட்டி வைத்தான்.