பலராமன் மண்டபத்துக் கூர்கோபுரம்

நெட்டப்பாக்கத்தில் இருபது காணி கரும்பும் ஒரு கல்யாண மண்டபமும் வைத்திருக்கும் பலராமன், போன வருடம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார். அங்கே ரயில் நிலையத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதைத் தவிர வேறு எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் சிவில் டிப்ளமோ படித்தவள். மண்டபத்தின் மராமத்து வேலையெல்லாம் நான்தான் பார்த்துவந்தேன்.

"இன்னா கனகாம்பா, நம்ம மண்டபத்து முகப்பு இப்டி வரணும். கய்ப்பர்ஸ்னு ஒருத்தன் கட்டினதாம். கோதிக்கு!" என்று போனை நீட்டினார்.

ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சுக் கட்டடக் கலைஞரைப் பற்றியும், கூர்வளைவும் கூர்கோபுரமுமாகக் கட்டும் கோதிக் பாணியைப் பற்றியும் படித்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. செங்கல்லைச் செங்கல்லாகவே காட்டியவர்; பாரத்தைத் தாங்குவது எதுவோ அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்.

"ஐயா, உங்க அப்பா கட்டின சுவத்துல பூச்சைச் செதுக்கி எடுத்தா உள்ள அருமையான செங்கல் இருக்கு. அதையே காட்டலாம். கூர்வளைவையும் செங்கல்லுலயே கட்டித் தரேன்" என்றேன்.

பலராமன் முகத்தைச் சுளித்தார். "செங்கல்லு தெரிஞ்சா, பூசறதுக்கு வக்கில்லாதவன்னு ஊரே சிரிக்கும். நீ இன்னா, ஆம்ஸ்டர்டாம் பாத்தியா?"

கண்காட்சிக்கு செட் போடும் ஒருவனைக் கடலூரிலிருந்து பிடித்துவந்தார். அவன் தெர்மகோலை அறுத்து, மேலே சுண்ணாம்புப் பவுடரைப் பூசி, சிவப்புப் பெயின்டில் செங்கல் கோடு இழுத்தான். இரண்டு கோபுரங்களைக் கம்பி வைத்து மொட்டைமாடியில் கட்டினான். காற்றுக்கு நிற்காது என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை மடித்து ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்தார் பலராமன்.

ஐப்பசியில் அவருடைய தங்கை மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது மழைக்காற்று அடித்தது. ஒரு கோபுரம் கம்பியோடு பிய்ந்து, சமையல் பந்தலைக் கிழித்துக்கொண்டு சமையல்காரி பவுனம்மாளின் தலையில் விழுந்தது. பதறி ஓடினேன். பவுனம்மாள் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. சாம்பார் அண்டா முழுக்க வெள்ளை உருண்டைகள் மிதந்தன.

"கோபுரம்னாங்க, பொரி மூட்ட கனம்கூட இல்லயேடி" என்றாள் அவள்.

சம்பந்திகள் சுற்றி நின்றார்கள். பலராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த டச்சுக்காரன் டிசைன்லயே கோளாறு" என்றார்.

அதுவரை பொறுத்திருந்தேன். "அவரு செத்தே நூறு வருஷம் ஆச்சு. அவரு கட்டினது நிக்குது. நீங்க அவரைப் பாத்துக் கட்டல, போட்டோவப் பாத்து ஒட்டினீங்க. இதுக்கு அவரு பேர இழுக்காதீங்க."

பந்தியில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை. அதற்காக வருந்தவுமில்லை; சுத்துக்கேணியில் ஒரு நெல் கிடங்கு கட்டும் வேலை கிடைத்தது. பலராமன் இப்போது ராஜஸ்தான் அரண்மனை முகப்பு வைக்கிறாராம். செட் போட வந்திருப்பவன் அதே கடலூர்க்காரன்தான்.