படலையடியில் நின்ற வான்

கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு ஒருநாள் பயணம் போகிற வெள்ளை வான் பதினொரு பயணிகளோடு போய்ப் பன்னிரண்டு பேரோடு திரும்பி வரும். இது தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. பன்னிரண்டாவது ஆளை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எண்ணினால் பன்னிரண்டுதான். வழிகாட்டி வினோதன் எண்ணினாலும் அதுதான், சாரதி சின்னராசா எண்ணினாலும் அதுதான். சுவிஸிலிருந்து வந்த கணித ஆசிரியர் ஒருவர் இதென்ன பேய்க்கதை என்று சிரித்துவிட்டு, எல்லோரையும் மணலில் வரிசையாக நிற்கவைத்து, தலையைத் தொட்டுத் தொட்டு மூன்று தரம் எண்ணினார். மூன்று தரமும் பன்னிரண்டு வந்தது.  சிலர் இதற்கு வினோதனைக் குறை சொன்னார்கள். அவன் களத்தில் நெல்லளக்கிற வீட்டுப் பிள்ளை. முதலாவதை ஒன்று என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அளக்கிறவர்கள் முதல் புசல் நெல்லை எண்ணுவதுபோல 'லாபம், இரண்டு, மூன்று' என்றுதான் ஆட்களையும் எண்ணுவான். அந்த மண்ணில் நின்று லாபம் கேட்டு எண்ணினால் யாராவது எழும்பி வரத்தானே செய்வார்கள் என்றது ஊர்.

அப்படி எழும்பி வந்தவர்கள் வழியில் இறங்கிப் போவார்கள். விசுவமடுவில், தர்மபுரத்தில், முரசுமோட்டையில் ஏதாவதொரு வீட்டு வாசல் படலையடியில் வான் தானாக நிற்கும். பக்கக் கதவு திறக்கும், மூடும். பிறகு எண்ணினால் பதினொன்று. முதல் வருஷம் சின்னராசா பிறேக்கைக் கழற்றிப் பார்த்தார், கராஜுக்குக் கொண்டு போனார், கோயிலில் தேங்காய் உடைத்தார். இரண்டாம் வருஷம் விட்டுவிட்டார். வான் நின்ற வீடுகளிலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. விசுவமடுவில் ஒரு வீட்டில், பத்து வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளுக்குக் காற்று அடித்திருந்தது. உருத்திரபுரத்தில் கமலாசனியின் குசினியில், துருவி வைத்த தேங்காய்ப்பூவில் தினமும் ஒரு பிடி குறைந்தது. அவளுடைய மகள் தேனுகா ஒன்பது வயதில் அந்த மணலில் செல் குண்டு விழுந்து போனவள். இருந்த காலத்தில் தேங்காய்ப்பூவைக் களவெடுத்துத் தின்றுதான் அடி வாங்குவாள். இப்போது கமலாசனி ஒன்றுக்கு இரண்டு தேங்காய் துருவுகிறாள், வாய் நிறையத் திட்டுகிறாள், உடம்பும் கொஞ்சம் தேறிவிட்டது.

பயணத்தின் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். புதுக்குடியிருப்பில் தேத்தண்ணி. பிறகு மணல், நினைவுக்கல், அதன் முன்னால் ஆளுக்கொரு சிட்டி விளக்கு. பிறகு போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சி, தேங்காய்ச் சிரட்டையில். அதன் பிறகு மர நிழலில் மத்தியானச் சாப்பாடு. கடைசியாக வட்டுவாகல் பாலம். அந்த நாளில் கஞ்சிக்குள் அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் இருந்தன, சில நாள் உப்பும் இல்லை. பயணிகளுக்குத் தொண்டைக்குள் இறங்கவேண்டுமென்று இப்போது தேங்காய்ப்பால் விடுகிறார்கள். நல்ல ருசி என்று இரண்டாம் சிரட்டை கேட்கிறவர்களும் உண்டு. வருகிறவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அழுகிறார்கள், மணலைப் போத்தலில் அள்ளுகிறார்கள், அழுத முகத்தோடு படம் எடுக்கிறார்கள், என்ன வெயில் என்கிறார்கள், கக்கூஸ் எங்கே என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வினோதன் பதில் வைத்திருக்கிறான். தன்னுடைய தமையன்மார் இரண்டு பேரும் அங்கேதான் கிடக்கிறார்கள் என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிறவள் சிவலட்சுமி. அவளுடைய வீடும் வளவும் உருத்திரபுரத்தில் வீதியோரமாக இருக்கிறது. கணவர் முத்துலிங்கம் இடம்பெயர்வுக்கு முந்தின வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகன் கிருசாந்தனோடு இடம்பெயர்ந்து போனவள், தனியே திரும்பி வந்தாள். சோறு, பருப்பு, பாவற்காய்ப் பொரியல், சம்பல் எல்லாம் வாழையிலையில் கட்டிக் காலையில் படலையடியில் கொடுப்பாள். கிருசாந்தனுக்குப் பாவற்காயைக் கண்ணில் காட்டக்கூடாது. மோர்மிளகாய் பொரித்துக் கொடுத்தால் போதும். கறுமுறு என்று தின்றுவிட்டுக் காம்புகளை மட்டும் இலையோரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பான். அதனாலேயே அவள் பார்சலுக்குள் மோர்மிளகாய் வைப்பதேயில்லை.

சின்னராசாவின் வீடும் அதே ஊரில்தான். பயணிகளைக் கிளிநொச்சியில் இறக்கிவிட்டு, வானை நிறுத்த அந்த வழியாகத்தான் போவார். அந்த நேரத்துக்குச் சிவலட்சுமி படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகன் வருவான் என்று நிற்கிறாள், பாவம் என்று தெரியாதவர்கள் சொன்னார்கள். அவள் நின்றது, வான் நின்றுவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்ள. பிள்ளையாரப்பா, இந்த வாசலில் நிற்பாட்டாதே. ஆறு வருஷமாக இதுதான் அவளுடைய தேவாரம். வான் கடந்து போய் வாய்க்கால் முடக்கில் மறைந்த பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி இறங்கும்.

ஏனென்றால் அந்த வானில் வருகிறவர்கள் செத்தவர்கள். கிருசாந்தன் சாகவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், வட்டுவாகல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பதினேழு வயதுப் பிள்ளையை அவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஆமிக்காரரிடம் ஒப்படைத்தாள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதிந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் ஒளியத்தான் பார்த்தான். பதியாமல் போனால் பிறகு வில்லங்கம் வரும் என்று இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். பயப்பிடாதையுங்கோ அம்மா, நாளைக்கு வந்திடுவன் என்று சொல்லி பஸ்ஸில் ஏறினான். அதனால்தான் வைகாசியில் ஊரே விளக்கேற்றும்போது அவள் ஏற்றுவதில்லை. பிள்ளையை ஒப்படைத்த தாய்மார் அநேகர் அப்படித்தான். ஏற்றினால் செத்துவிட்டான் என்று தாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஒரு அரசாங்கக் கந்தோரில் மரணச் சான்றிதழும் வாழ்வாதாரத்துக்கு இரண்டு ஆட்டுக்குட்டியும் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பதில் ஆடா என்று கேட்டுவிட்டு எழும்பி வந்தாள். இன்னொரு கந்தோருக்கு மாதாமாதம் மகனின் படத்தோடு போய் அதே மனுவைக் கொடுத்தாள்: உயிரோடு ஒப்படைத்தேன், உயிரோடு தாருங்கள்.

கமலாசனிக்கு இது பிடிக்கவில்லை. ஒருமுறை போய் அந்த மணலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடு, அங்கே இருந்தால் வந்துவிடுவான் என்று நச்சரித்தாள். அவன் அங்கே இல்லை என்றாள் இவள். கதை தடித்தது. "என்ரை பிள்ளை வீட்டை வந்திட்டாள். உன்ரை பிள்ளை எங்கையெண்டே தெரியேல்லை. எது நல்லமெண்டு நீயே சொல்லு," என்று கமலாசனி கேட்டுவிட்டாள். கேட்டவளுக்கே அது கூடிப்போய்விட்டது என்று தெரிந்திருக்கும். ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை.

போன ஆவணியில் கஞ்சி காய்ச்சுகிற பெண் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஒரு நாளைக்கு மட்டும் வாருங்கோ அம்மா என்று வினோதன் வந்து நின்றான். அவள் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவளுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. போவது, வாயைத் திறக்காமல் கஞ்சியை வார்ப்பது, வருவது. தாய் நேரில் போய் நின்றும் வான் வேறு யாருடைய வாசலிலாவது நின்றால், அவன் அங்கே இல்லை என்பது முடிவாகிவிடும். அதற்குப் பிறகு பின்னேரங்களில் மற்றச் சனத்தைப்போல முற்றத்தில் கதிரை போட்டு இருக்கலாம். ஆறு வருஷம் படலையைப் பிடித்து நின்று அவளுக்குக் களைத்துப் போயிருந்தது.

அன்றைக்குப் பத்துப் பயணிகள், அவளோடு பதினொன்று. நினைவுக்கல்லுக்கு முன்னால் எல்லோரும் விளக்கேற்றும்போது அவள் கஞ்சிப் பானையோடு தள்ளி நின்றாள். ஒஸ்லோவிலிருந்து வந்த சுமித்திரா என்ற பெண், நல்ல மனசுக்காரி, ஏற்றிய சிட்டியொன்றைக் கொண்டுவந்து அவளுடைய கையில் வைத்தாள். "அன்ரி, நீங்களும் வையுங்கோ. உங்கடை ஆக்களும் இருப்பினம்தானே." சிவலட்சுமி அந்தச் சுடரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயால் ஊதி அணைத்தாள். விளக்கை வாயால் ஊதக்கூடாதென்று ஒஸ்லோவில் வளர்ந்த பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.  சிவலட்சுமி அணைந்த சிட்டியை அவளிடமே கொடுத்துவிட்டு, கஞ்சி ஆறுகிறது என்று சொல்லிச் சிரட்டைகளை எடுக்கப் போனாள்.

பாலத்தடியில் எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. இந்த இடத்தில்தான் ஆட்களை ஒப்படைத்தார்கள் என்று வினோதன் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னான். பஸ்கள் இடப்பக்கம் நின்றன என்றான். அது பிழை, வலப்பக்கம். மூன்றாவது பஸ், முன்கண்ணாடியில் கீறல். அவள் திருத்தவில்லை. அந்தக் கையை விட்டிருக்கக்கூடாது என்று பதினைந்து வருஷமாக நினைத்ததை, வானுக்குள் இருந்தபடியே இன்னொருமுறை நினைத்தாள்.

திரும்புவதற்கு முன்னால் வினோதன் எண்ணினான். லாபம், இரண்டு, மூன்று என்று விரல் வரிசையாக வந்து, சிவலட்சுமியைத் தொட்டு, அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்று இருக்கையையும் தொட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு. அவள் பானையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள். புதுக்குடியிருப்பில் வான் நிற்கவில்லை. விசுவமடுவில் நிற்கவில்லை. தர்மபுரம் போனது, முரசுமோட்டை போனது. எந்தப் படலையிலும் நிற்கவில்லை. பரந்தனும் போனது. கிளிநொச்சியில் பயணிகள் பத்துப் பேரும் இறங்கிக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஏறாத, ஒருவரும் இறங்காத அந்த இருக்கையைச் சின்னராசா கண்ணாடியில் பார்த்தார். அவரும் பிள்ளை பெற்றவர். வானை உருத்திரபுரத்துக்குத் திருப்பினார்.

அவளுடைய படலையடியில் வான் தானாக நின்றது. கதவு தானாகத் திறந்தது. சிவலட்சுமி பானையோடு இறங்கினாள். இறங்கின கையோடு திரும்பி, அந்தக் கதவைப் பிடித்து, வேறு யாரும் இறங்குவதற்கு இடமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். முன் யன்னலுக்கு வந்து வினோதனிடம் சொன்னாள்: "தம்பி, இதுக்குள்ளை ஆர் இருக்கிறாரோ எனக்குத் தெரியாது. என்ரை பிள்ளையை நான் உயிரோடை குடுத்தனான். உயிரோடைதான் வாங்குவன்." பிறகு படலையைக் கொளுவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் பதினொரு பயணிகளுக்குப் பன்னிரண்டு பார்சல் வந்தது.  ஒன்றில் மட்டும் பாவற்காய்க்குப் பதிலாக மோர்மிளகாய் இருந்தது. அதை வினோதன் அந்த வெற்று இருக்கையில் வைத்தான். பின்னேரம் வான் படலையடியில் நின்றது, கதவு திறந்தது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, மூடியது. பார்சல் கூடையை அவள் வாங்கிக்கொண்டாள். அடியில் ஒரு வாழையிலை மடித்துக் கிடந்தது. மாட்டுக்கொட்டிலுக்குள் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள். சோறு ஒரு பருக்கை இல்லை. இலையோரத்தில் மிளகாய்க் காம்புகள் வரிசையாக அடுக்கியிருந்தன. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, வீதிக்குக் கேளாமல், அவள் வயிறு நோகும்வரை அழுதாள். பிறகு இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு மோருக்குள் மிளகாய் ஊறப்போட்டாள்.

இப்போது அந்த வான் போகும்போது பன்னிரண்டு பேர், வரும்போது பதின்மூன்று. பதின்மூன்றாவது ஆள் வழியில் தன் வீட்டில் இறங்கிவிடுவார்; பன்னிரண்டாவது ஆள் இறங்குவதில்லை. அந்த இருக்கையில் மற்றவர்கள் பையைக்கூட வைப்பதில்லை. தங்கள் வேர்களைத் தேடி வருகிறவர்களுக்கு வினோதன் இதையும் ஒரு தகவலாகச் சொல்கிறான், அவர்கள் படம் எடுக்கிறார்கள், படத்தில் இருக்கைதான் விழுகிறது. கமலாசனி ஒருநாள் தேங்காய்ப்பூவோடு வந்து குசினி வாசலில் இருந்தாள். பழைய கதையை இருவரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் சிவலட்சுமி மகனின் படத்தோடு கந்தோருக்குப் போனாள். மேசையில் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த இளம் அலுவலர். பழைய கோப்பைத் திறந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: மகனைப் பற்றிப் புதிதாக ஏதாவது தகவல் கிடைத்ததா? பதினைந்து வருஷமாக இல்லை என்றே சொல்லி வந்தவள், கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு நிமிர்ந்து இருந்தாள்.

"ஓம் ஐயா. உயிரோடைதான் இருக்கிறான். நேற்றும் சாப்பிட்டவன்."

என்ன சாப்பிட்டார் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் பேனையைத் திறந்து, கோப்பில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் சோறு, பருப்பு, சம்பல், மோர்மிளகாய் என்று எழுதி, கீழே அவளிடம் கையெழுத்து வாங்கினார்.