படிக்கட்டில் சுருட்டிய ஒயர்

வெல்டிங் பட்டறை ஆரம்பித்த புதிதில் நாங்கள் மூன்றே பேர். மச்சான் வெல்டிங் வைப்பார், நான் இரும்பை அறுத்துக் கொடுப்பேன், அக்கா பெயின்ட் அடிப்பாள். அக்காவின் வாய் மட்டும் நாள் முழுக்க ஓயாது.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மூன்றாவது மாடியில் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மாவின் பால்கனிக்குக் கம்பி போடுவது. குறுகலான படிக்கட்டில் வெல்டிங் மெஷினை முக்கி முனகி மேலே ஏற்றினோம். வீட்டு பிளக் அதன் இழுவைக்குத் தாங்காது. அதனால் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பெரிய பிளக்கில் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் செருகினோம். நீளமான ஒயர், ஆனால் மெல்லிசு. மிச்சத்தை அக்கா படிக்கட்டில் வளையமாகச் சுருட்டி, யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று சாக்கைப் போட்டு மூடினாள்.

பற்றவைக்கிற ராடு பிடிக்கவே இல்லை. இரும்பைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. மெஷின் ஓட்டை என்று மச்சான் சொல்லிவிட்டார். பார்த்துப் பார்த்து அதை வாங்கியவன் நான். வார்த்தை தடித்து, கோபித்துக்கொண்டு கீழே வந்து மீட்டர் பெட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். மச்சான் விடாமல் கரண்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. சாக்கிலிருந்து புகை கிளம்ப, டீச்சரம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்திருக்கிறார். அக்கா வாளியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்தாதீங்க டீச்சர், ஒயர்ல கரண்ட் இருக்கு. தம்பி, சுவிட்ச அணைடா.”

அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மேலே ஓடினேன். சாக்குக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், சுருட்டிய ஒயர் உருகி ஒரே கட்டியாகிக் கிடந்தது. திட்டப்போகிறார் என்று பார்த்தால், டீச்சரம்மா எங்களை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார்.

“நீ கோச்சுக்கிட்டு போனதும் நல்லதுக்குத்தான் மாப்ள,” என்றார் மச்சான். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

மறுநாள் மெஷினைக் கீழே பிளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தோம். மெஷினிலிருந்து ராடுக்குப் போகும் தடித்த கேபிள்களைத்தான் நீளமாக வாங்கி, சுவரோரமாக மேலே ஏற்றினோம். மெல்லிசு ஒயரில் அவ்வளவு தூரம் கரண்ட் வந்து சேரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மெஷின்மேல் குற்றமில்லை. ராடு வெண்ணெய் மாதிரி ஓடியது.

மேலே மச்சான், கீழே மெஷினோடு நான், நடுப்படியில் பெயின்ட் டப்பாவோடு அக்கா. மச்சான் கரண்டைக் கூட்டச் சொன்னால் அது அக்கா வழியாகத்தான் எனக்கு வரும்.

“கரண்ட கூட்டணுமாம்டா. அப்படியே மூஞ்சில கடுகடுப்ப குறைக்கணுமாம்.”

தான் அப்படிச் சொல்லவில்லை என்று மச்சான் மேலிருந்து மறுப்பார். டீச்சரம்மா வாசலில் நின்று சிரிப்பார். கம்பி போட்டு முடித்ததும், முதல் ஆளாக அதில் சாய்ந்து தெருவைப் பார்த்தவரும் அவர்தான்.

இப்போது அக்காவும் மச்சானும் மகனோடு வேறு ஊரில் இருக்கிறார்கள். பட்டறை என் கையில். இப்போதைய மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு எந்த மாடிக்கும் ஏறிவிடலாம். கரண்டைக் கூட்டக் குறைக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நடுப்படியில் யாருமில்லாத அந்த அமைதிதான் எனக்கு இன்னும் பழகவில்லை.