கடைசி மேசைச் சுடர்

ரெஜினா டீச்சர் காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை. அது 1987 பிப்ரவரி; அருப்புக்கோட்டைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எட்டு மேசை, எட்டு பர்னர், எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவர், மூலையில் இருந்த காஸ் சிலிண்டரையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அது நேற்று சாயங்காலம்தான் அவர் வீட்டிலிருந்து லேபுக்குத் திரும்பியிருந்தது.

வீட்டுக்கு காஸ் கேட்டுப் பதிந்து நாலு வருடமாகியும் வரவில்லை. ரேஷன் மண்ணெண்ணெயும் அரைகுறை. கிறிஸ்துமஸுக்குப் புருஷன் வீட்டுச் சனம் பட்டாளமாக வந்து இறங்கியபோது, லேப் உதவியாளர் சீனிச்சாமிதான் வழி சொன்னார்.

"லேப்புல சும்மாதான டீச்சர் கெடக்கு? சாக்கச் சுத்தி சைக்கிள்ல கொண்டாந்துர்றேன். ரெண்டு நாள்தான?"

ஆபத்துக்குப் பாவமில்லை என்று டீச்சரும் தலையாட்டினார். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? ரெண்டு நாள் ஒன்றரை மாதமானது. பர்னரைத் திருகிப் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு ஸ்பிரிட் விளக்கும் கரும்பலகைப் படமும்தான் கிடைத்தன. காற்றுத் துளையை மூடினால் புகை கக்கும் மஞ்சள் சுடர், திறந்தால் சூடு மிகுந்த நீலச் சுடர். டீச்சர் கலர் சாக்பீஸில் அழகாகத்தான் வரைந்திருந்தார்.

பதினொரு மணிக்கு எல்லாச் சுடரும் குறுக ஆரம்பித்தன. டீச்சர் போய் சிலிண்டரை அசைத்துப் பார்த்தார்; கனமே இல்லை.

கடைசி மேசையில் பரளச்சி கிராமத்திலிருந்து வரும் முத்துலட்சுமி நின்றாள். தேர்வில் தவறினால் தீப்பெட்டிக் கம்பெனி வேலைதான் என்று வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். கொடுத்த உப்பைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினாள். நீலச் சுடரில்தான் உப்பின் நிறம் தெரியும். அந்நேரம் பார்த்து 'டப்'பென்று ஒரு சத்தம்; மேலே இருந்த சுடரைக் காணோம். அது பர்னர் குழாய்க்குள் இறங்கி அடியில் எரிவது அவளுக்குத் தெரியவில்லை. துளையைச் சரிசெய்ய அடி வளையத்தைப் பிடித்தவள், "அய்யோ!" என்று அலறிக் கையை உதறினாள். வலது கையில் இரண்டு விரல் வெந்துவிட்டது.

வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த வெள்ளத்துரை சார் மதிப்பெண் தாளோடு வந்தார். "பர்னரத் திருகக்கூடத் தெரியல. இதுக்கு என்ன மார்க்கு போடுறது?" பென்சிலால் ஒரு சுழியைப் போட்டார்.

குழாய்த் தண்ணீரில் விரலை நீட்டியபடி அந்தப் பிள்ளை, "எந் தப்புதான் சார்" என்றது.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "அவ மேல தப்பில்ல சார். காஸ் கொறைஞ்சு காத்து மிஞ்சுனா, தீ உள்ள எறங்கிரும். அந்தக் காஸத் தீத்தது நாந்தான். ஒன்றர மாசம் எங்க வீட்டுல சோறாக்குனேன்."

வெள்ளத்துரை சார் பதறிப்போய் அவரை வாசல் பக்கம் கூட்டிப்போனார். "எதுக்கு டீச்சர் சத்தம் போடுறீக? ட்யூபு லீக்குன்னு எழுதிருவோம். இதெல்லாம் எந்த ஸ்கூல்ல நடக்கல? யாரு செய்யல?"

கேட்பதற்கு ஒரு நொடி ஆறுதலாகத்தான் இருந்தது. அங்கே முத்துலட்சுமி கண்ணீரைத் துடைத்துவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீக்கு வேண்டாம் சார். எம் பேரப் போட்டு நானே எழுதித் தாரேன். அவளுக்கு ஸ்பிரிட் விளக்கக் குடுத்து, மறுபடி செய்ய விடுங்க."

"மெமோ வரும். வேலைக்கே உலை."

"வரட்டும்."

சார் சுழியை ரப்பரால் அழித்துவிட்டு, ஸ்பிரிட் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். ரெஜினா டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார்.

"யாரு செய்யலன்னு கேட்டீகளே சார்," என்றார் நிமிராமல். "பொதுச் சாமான எடுத்தா யாருக்கும் நட்டமில்லன்னுதான் நானும் நெனச்சேன். நட்டப்படுறவுகளுக்குப் பேரு இருக்கு. இன்னைக்கு அவ பேரு முத்துலட்சுமி."