பைக்குள் வந்த வெண்ணெய்

தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. விடியலிலிருந்து இரண்டு லாரி சிமெண்ட் மூட்டை இறக்கியவன், முகத்துத் தூளைக்கூடச் சரியாகக் கழுவாமல் சாப்பாட்டு டப்பாவோடு ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினான்.

மகளுக்கு ஆறு வயது. வயிற்றிலிருந்த கட்டியை எடுத்துப் பதினோரு நாள் ஆகிறது. கட்டியோடு ஒட்டியிருந்த நிணநீர்க் குழாய் ஒன்று அறுபட்டுக் கசிந்தது. விலாவோரம் செருகிய ரப்பர் குழாய் வழியே அந்த நீர் ஒரு பையில் சொட்டும். கொழுப்பு உள்ளே போனால் பால்போல் வெளுத்துப் பெருகும். போகாவிட்டால் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். எண்ணெய், நெய், பால் எதுவும் நாக்கில் படக்கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நேற்று பையில் தெளிந்த நீர், அதுவும் கொஞ்சம்தான்.

இன்று வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தது.

கட்டிலருகே டாக்டர் நர்ஸைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "தட்டை மாத்தி வச்சிட்டியா?"

"இல்ல டாக்டர். என் கையாலதான் ஊட்டினேன். வெறும் சோறும் பழமும்தான்."

"பொய் சொல்லாத. மேட்ரன்கிட்ட போய் விளக்கம் எழுதிக் குடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

மூட்டைக்காரர்கள் சாப்பாட்டு டப்பாவில் ரொட்டிக்கென்று ஒரு துண்டு வெண்ணெய் சுற்றி வைத்திருப்பார்கள். நெய்ப்பசை இல்லாத உடம்பு பாரம் தாங்காது என்பது அவர்கள் கணக்கு. நேற்று சாயங்காலம் மகளின் கை குச்சியாக இருந்தது. தன் பங்கை அவள் வாயில் வைத்துவிட்டான். அவள் அவன் விரல்வரை நக்கினாள்.

"அப்பா," மகள் பையைக் காட்டிக் கிசுகிசுத்தாள். "என் வெண்ணெய் இதுல வந்துருச்சு பாரு. நீ சொல்லாதன்னியே, நான் சொல்லவே இல்ல."

டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார். "நர்ஸ் சொன்னது நெசம்தான் போல, தட்டுல எண்ணெய்ப் பசையே இல்ல. கொழுப்பு குடுக்காமலே இவ்வளவு வருதுன்னா ஓட்டை மூடாது. நாளைக்கே திறந்து தச்சிடலாம்."

அவன் போனுக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"டாக்டர், திறக்காதீங்க. நான்தான் குடுத்தேன். வெண்ணெய்."

"எவ்வளவு?"

அவன் கட்டைவிரலைக் காட்டினான். டாக்டர் அதையே பார்த்தார்.

"ஏம்ப்பா, இது ரெண்டு ஆளு விரல் தடிமன்!" போனை வைத்தார். "சரி, கத்தி இப்ப வேணாம். ஒரு வாரத்துக்கு வாயில ஒண்ணும் கிடையாது, எல்லாம் நரம்பு வழியாத்தான். அதுக்கப்புறம் பாப்போம். டப்பாவை வெளியில வச்சிட்டு வா."

டப்பாவை வாசலில் வைத்துவிட்டு மேட்ரன் அறைவரை ஓடினான். ஷிப்ட் முடிந்து நர்ஸ் வீட்டுக்குப் போய்விட்டாளாம். நாளை அவளுக்கு லீவு.

"அந்த அக்கா ஏம்ப்பா திட்டு வாங்குனாங்க?" மகள் கேட்டாள்.

"அது அப்பா வாங்க வேண்டியதும்மா."

நர்ஸுக்கு அவன் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருந்தான்.