இரண்டாவது பாட்டிலிருந்து

நுரை பொங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மகள் பிரஷைப் போட்டுக் குழப்பிய வேகத்தில் சோப்புத் தண்ணீர் அவள் முழங்கை வரை தெறித்தது. கிண்ணத்திடம் கோபித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் அப்போதைக்குக் கைக்கு எட்டினது கிண்ணம்தான்.

எதிரே, முடி வெட்ட வருகிறவர்கள் காத்திருக்கும் நீள பெஞ்சில், அப்பா மல்லாந்து கிடந்தார். முன்னால் சலூன், பின்னால் வீடு. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவர்களால் அந்தச் சந்துக்குள் அவரைத் திருப்ப முடியவில்லை. கடையிலேயே கிடத்திவிட்டார்கள். உயிரோடு இருந்த காலத்திலும் அவர் வீட்டுக்குள் வந்தது சாப்பிடவும் தூங்கவும்தான். அம்மா போனபிறகு அதுகூடக் குறைந்துவிட்டது.

"பெத்த அப்பனுக்குப் பொண்ணு கத்தி வைக்கிறதா? வேற யாரையாவது கூப்பிடலாம் பாப்பா" என்றார் சித்தப்பா.

"வாராவாரம் நான்தானே வச்சேன்? அப்ப எங்க போயிருந்தீங்க?"

சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். வாசலில் அவர் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கர் மூடிக்கொள்ளவில்லை. யார் செத்தாலும் போடுகிற அதே பாட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மகள் பிரஷைக் கீழே வைத்தாள். நேரே போனாள். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

"என்ன இது? சாவு வீடுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"கேட்ட பாட்டையே கேக்கறவனுக்குக் காது எதுக்கு, கண்ணாடி மாட்ட ரெண்டு ஆணி போதுமேன்னு சொன்ன மனுஷன் படுத்திருக்காரு. அவர் தலைமாட்டுலயா இதைப் போடறீங்க?"

அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு மேலே பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அதை யாரும் படித்ததில்லை. அந்தத் தெருவில் அது "கேளுங்க கடை." அவர் "கேளுங்க." காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். யாருக்கும் தெரியாத குரல், யாரும் கேட்டிராத பாட்டு, அதுதான் அவருக்கு வேண்டும். பாடினவரும் பாடினவர் வீட்டுக்காரர்களும் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய வீடியோக்களாகப் பார்த்துப் போனுக்குள்ளிருந்து தோண்டி எடுப்பார். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, வெள்ளைத் துணியைப் போர்த்தி, தொண்டையில் கத்தியை வைத்துவிட்டு, "இதைக் கேளுங்க" என்பார். தொண்டையில் கத்தி இருக்கும்போது எவன் வேண்டாம் என்பான்?

"யார் பாடினது?" என்று கேட்டால் சொல்ல மாட்டார். "பேர் எதுக்கு? பேரைக் கேட்டா நீங்க பேரைத்தான் கேப்பீங்க, பாட்டைக் கேக்க மாட்டீங்க." வேலை முடிந்து துணியை உதறும்போதுதான் பெயர் வெளியே வரும். கடைச் சட்டம்.

அவர் பிடித்துக்கொண்டு வந்த குரல்களில் பாதி, தகரத்தில் ஆணி கீறின ரகம். அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து நாற்காலியில் வேலை செய்த மகள் அதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டவள். "இதுக்கு அந்த ஆளைக் கழுத்தை அறுத்தே விட்டுடலாம்பா" என்பாள். "இருக்கட்டும், அடுத்தது நல்லா இருக்கும்" என்பார். மனிதருக்குக் கோபமே வராது. அத்தனை கோபத்தையும் பெண்ணுக்கு எழுதிவைத்துவிட்டார் போல.

நுரை ஒருவழியாகத் திரண்டது. அவள் அதை அவர் கன்னத்தில் தடவினாள். தோல் குளிர்ந்திருந்தது. நுரை ஏறாமல் வழுக்கியது.

"பாப்பா, வாசல்ல உங்கப்பா வண்டி ஹேண்டில் பூட்டினபடி குறுக்க நிக்குது. வேன் வந்தா எப்படி உள்ள வரும்? சாவி எங்க?"

காது கேட்காதவள் மாதிரி அவள் பிளேடின் உறையைப் பிரித்தாள். சாவி அவள் ஏப்ரன் பையில் கிடந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அங்கேதான். மாடிப்படி ஏறக் கூடாது, தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ ஒரு வாரமாக ஒரே பாட்டு. பக்கத்து ஊரில் ஒருத்தி பாடுகிறாள், டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி, போய்க் கேட்டே ஆக வேண்டும். அவள் சாவியை ஒளித்தாள். அவர் தேடினார். அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பஸ்ஸுக்குப் போனார். ஒரு பஸ் மாறி இன்னொரு பஸ். இறங்கி நடை. அதற்கப்புறம் அத்தனை படி. அங்கேயே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், உட்கார்ந்தபடியே.

"தங்கமான மனுஷன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வாரம் தவறாமல் வந்து மீசையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு போகிற மீசைக்காரர். "நேத்து நானும் கூடப் போறதாத்தான் இருந்தேன். கிளம்பற நேரம் பார்த்து விருந்தாளி வந்துட்டாங்க."

மகள் திரும்பினாள். கையில் கத்தி இருந்தது. மீசைக்காரர் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"விருந்தாளியா?"

"ஆமாம்மா, திடீர்னு..."

"உங்களுக்கு விருந்தாளி. உங்களுக்கு?" பக்கத்தில் நின்ற தையல்காரரைக் கேட்டாள். "உங்களுக்கு என்ன, வயித்து வலியா? உங்களுக்கு?" என்று பள்ளிக்கூட வாத்தியாரிடம் வந்தாள். "ஒரு வாரம் ஒவ்வொருத்தரையா இந்த நாற்காலியில உக்கார வச்சுக் கேட்டாரே, 'ஒண்ணாப் போவோம், வர்றீங்களா'ன்னு. எல்லாரும் 'ம்'னீங்க. நான் இங்கதானே நின்னேன்? என் காதால கேட்டேனே! இப்ப வந்து தங்கம், வைரம்ங்கறீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தா, என்னங்க, உடம்பு சரியில்லையான்னு தொட்டுப் பார்த்திருப்பீங்கல்ல?"

"கழுத்துல கத்தியை வச்சுக் கேட்டா என்னம்மா சொல்றது?" என்று வாத்தியார் முனகினார். நல்லவேளை, அது அவள் காதில் விழவில்லை. அல்லது விழுந்து, அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லையோ என்னவோ. அவளையும்தான் கூப்பிட்டிருந்தார். 'ம்' என்றுகூட அவள் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். வண்டி மறித்ததால் ஒருக்களித்து உள்ளே வந்தாள். தோளில் ஒரு பை. கையில் மடித்த கைக்குட்டை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். அதற்கப்புறம் வேறெதையும் பார்க்கவில்லை.

"யாரும்மா நீ?" என்றார் சித்தப்பா.

"இது அவர் கண்ணாடிங்க. பக்கத்து நாற்காலியில வச்சிருந்தாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தற அவசரத்துல..." கைக்குட்டையைப் பிரித்தாள். "நேத்து அங்க பாடினது நான்தாங்க."

மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இவளா? இந்த வெளுத்துப்போன புடவைக்கா, இந்த மூக்கடைத்த குரலுக்கா அத்தனை படி?

"என்ன வேலை பண்றே?"

"மருந்துக்கடையிலங்க."

"மருந்துக்கடையில!" மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். "நாள் முழுக்க நோயாளி முகத்தைப் பாக்கற வேலை. கண்ணுக்கு முன்னால ஒருத்தர் செத்துப்போனது தெரியல?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

"நாப்பது நாற்காலி போட்டிருந்தோம். வந்தது ஏழெட்டுப் பேர். அதுலயும் பாதிப் பேர் போனைப் பாத்துட்டு, எழுந்து எழுந்து போயிட்டு..." அவள் பைக்கயிற்றை விரலில் சுற்றினாள். "இவர் மட்டும் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, கண்ணை மூடி, அசையாம உக்காந்திருந்தாரு. நான் அவருக்காகத்தாங்க பாடினேன். கடைசி வரைக்கும். இப்படி ஒருத்தர் கேக்கறாரேன்னு, ரெண்டு பாட்டு சேத்தே பாடினேன். விளக்கைப் போட்டு எல்லாரும் எழுந்தப்புறம்தான்..."

பின்னால் யாரோ செருமினார்கள்.

"ஆக, செத்தவருக்குப் பாடியிருக்கே."

"ஆமாங்க" என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள். ஒரு சின்னப் பொய், 'எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போனாரு' என்று சொல்லியிருந்தால் அங்கே எல்லாருக்கும் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மகள் பிளேடை நுரையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி திரும்பினாள்.

"எந்தப் பாட்டுல போனாரு?"

"எப்படிங்க சொல்றது?"

"யோசிச்சுச் சொல்லு. முதல் பாட்டுல அசைஞ்சாரா?"

"அசைஞ்சாரு. தொடையில விரலால தாளம் போட்டாரு. நல்லா ஞாபகம் இருக்கு. முடிஞ்சதும் சிரிச்சாரு."

"ரெண்டாவதுல?"

பாடுகிறவள் விரலில் சுற்றியிருந்த பைக்கயிற்றைப் பிரித்தாள். "ரெண்டாவது பாட்டுக்குத் தாளமே கிடையாதுங்க" என்றாள்.

சித்தப்பாவுக்கு இந்த விசாரணை பிடிக்கவில்லை. நடுவில் புகுந்து நல்லது செய்கிறவர் போல, "சரி சரி, வந்த இடத்துல எதுக்குச் சண்டை? பாடற பொண்ணுன்னா, எல்லாருக்கும் தெரிஞ்ச நல்ல பாட்டா ஒண்ணு பாடும்மா. ஸ்பீக்கரைத்தான் பிடுங்கிப் போட்டாச்சே" என்றார். அந்தப் பெண்ணும் பாவம், பழக்கப்பட்டவள் போலத் தலையாட்டி, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரிஞ்ச பாட்டு வேண்டாம்!" மகள் போட்ட சத்தத்தில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. "தெரிஞ்ச பாட்டு, தெரிஞ்ச பாட்டு! ஆயுசு முழுக்க அவரை இதைச் சொல்லித்தானே கேலி பண்ணினீங்க? நேத்துப் பாடினதைப் பாடு. முதல் பாட்டை அவர் கேட்டுட்டாரு. ரெண்டாவதுலேர்ந்து பாடு."

"பாப்பா..."

"நீங்க உக்காருங்க சித்தப்பா. எல்லாரும் உக்காருங்க. இடம் இல்லைன்னா தரையில உக்காருங்க. போனை உள்ள வைங்க. யாருக்கும் விருந்தாளி வரல. கேளுங்க."

கத்தியோடு நிற்கிறவளிடம் யார் வாதாடுவார்கள்? சித்தப்பா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரைக் கண்ணாடி பக்கமாகத் திருப்பிவிட்டது. மீசைக்காரர் சுவரோரம் குந்தினார்.

அவள் பாடினாள்.

கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் மழைக்கு நிற்கிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு. பஸ் வராது, மழையும் விடாது, அவ்வளவுதான் அதில் நடக்கிறது. ஆகா ஓகோ என்று சொல்லிவிட முடியாத குரல். மேலே போகும்போது ஓர் இடத்தில் பிசிறடித்தது. நேற்றும் அங்கே பிசிறடித்திருக்கும். அந்தப் பிசிறைக் கேட்கத்தான் அவர் போயிருப்பார் என்று மகளுக்குத் தோன்றியது. தோன்றியதும் இன்னும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவள் இடது கன்னத்தை முடித்தாள், வலது கன்னத்துக்கு வந்தாள். மூக்குக்குக் கீழே, அவர் எப்போதும் உதட்டை இழுத்துக்கொடுக்கிற இடத்தில், அவளே விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது பாட்டு. நான்காவது. வாத்தியார் ஒரு தடவை கொட்டாவி விட்டார். அதற்காகத் தன்னையே முறைத்துக்கொண்டார்.

மோவாய்க்குக் கீழே கை நழுவி பிளேடு கீறிவிட்டது. பழக்க தோஷம், படிகாரக் கட்டியை நனைத்து அந்த இடத்தில் அழுத்தினாள். ரத்தம் வரவில்லை. எங்கிருந்து வரும்? ஆனாலும் அந்தப் பாட்டு முடிகிற வரை அவள் படிகாரத்தை எடுக்கவில்லை.

கடைசிப் பாட்டு எப்போது முடிந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அது முடிகிற பாட்டாக இல்லை. பாடுகிறவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டாள். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த வெள்ளைத் துணியை உருவி, வாசலுக்குப் போய் ஒரு உதறு உதறினாள். நரைமயிர் வண்டியின் சீட்டில் விழுந்தது.

"பேரைச் சொல்லுங்க" என்றாள், திரும்பாமல்.

பாடுகிறவள் சொன்னாள்.

"சத்தமா. எல்லாருக்கும்."

அவள் மறுபடி சொன்னாள். மீசைக்காரர் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் கழுத்தில் இப்போது கத்தி எதுவும் இல்லை.

தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. சித்தப்பா நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார்.

"வேன் வந்தாச்சு. இந்த வண்டியை யாராவது நகர்த்துங்கப்பா! சாவி எங்க இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

மகள் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். சோப்பு நுரை பட்டுக் காய்ந்து வெளுத்திருந்த சாவியைக் கட்டை விரலால் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.